காவக்காரன் பருவம்

செருப்பு அவள் விட்ட இடத்தில் இல்லை.

வாசற்கதவுக்கு இடப்பக்கம், குதிகால் சுவரில் முட்டும்படி கழற்றிவிட்டு உள்ளே போவது அவள் வழக்கம். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அங்கேதான். திங்கட்கிழமை காலை அது ஒரு படி கீழே கிடந்தது. பூனை வேலை என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமை, கதவுக்கும் கேட்டுக்கும் நடுவே பாதைக் கல்லின்மேல் இருந்தது. புதன்கிழமை கேட்டுக்கு வெளியே, தெருவில். ஜோடி பிரியவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்து யாரோ பொறுமையாகத் தள்ளிக்கொண்டே போனதுபோல, ஈர மண்ணில் வாசலிலிருந்து கேட் வரை இரண்டு கோடுகள் ஓடின.

பூனை ஜோடி பார்த்துத் தள்ளாது.

"என் செருப்பை நீங்க எடுத்து வெளிய வெச்சீங்களா?"

கணவன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். "எந்தச் செருப்பு?" என்றான்.

பொய் சொல்லும் முகம் இல்லை அது. அவனுக்குப் பொய்யே வராது. தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ரகம். கட்டட வரைபடம் போடுவது அவன் தொழில். முன்னறையில் ஒரு மேசையும் வளைகழுத்து விளக்கும் போட்டு வீட்டிலேயே வேலை பார்த்தான். அதனால் பாப்பாவுக்கு ஐந்து மாதம் முடிந்து இவள் வேலைக்குத் திரும்பியபோது, பகலில் குழந்தை அவன் பொறுப்பு என்று முடிவாயிற்று. "நீ நிம்மதியா போயிட்டு வா, நான் இருக்கேன்ல" என்று அவன் சொன்ன அன்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

செருப்பின் மண்ணைத் தட்டிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். வைகாசி பிறந்தும் குளிர் இப்போதுதான் விலகிக்கொண்டிருந்த மலை ஊர். ஜன்னல் வழியே வந்த வெயில் முந்தின நாளைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டதுபோல முகத்தில் விழுந்தது.

அவள் வேலை ஊர்க்கோடியில் இருக்கும் ஏரி ஆய்வு நிலையத்தில். தெருக்காரர்கள் அவளை மீன் டாக்டர் என்பார்கள். மீனுக்குக் காய்ச்சல் வந்தால் ஊசி போடுவீர்களா என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவள் ஊசி போடுவதில்லை, ஊசியால் ரத்தம் எடுப்பாள். படகோட்டிகள் காவக்காரன் என்று கூப்பிடும், உள்ளங்கை அளவுச் சாம்பல் மீன் ஒன்று அந்த ஏரியில் உண்டு. நாள் நீள நீள ஆண்மீனின் உடம்புக்குள் ஒரு சுரப்பு ஏறும். அது ஏறியதும் கரையோர மணலில் தட்டு அளவுக்கு ஒரு பள்ளம் பறிக்கும். பெண்மீனை அழைத்து வந்து முட்டையிட வைக்கும். கடைசி முட்டை விழுந்த அடுத்த நிமிடம் அந்தப் பெண்மீனையே முட்டித் துரத்திவிடும். அதன்பின் முட்டைகளுக்கு அப்பன் மட்டும்தான். துரத்தப்பட்ட பெண்மீன்கள் ஆழத்துக்குப் போய், கூட்டமாக, ஒன்றும் செய்யாமல் நிற்கும்.

இதைத்தான் ஏழு வருடமாக அவள் அளந்துகொண்டிருந்தாள். கண்ணாடி பாட்டிலில் ஓர் அந்நிய ஆண்மீனை அடைத்து, கூட்டை நோக்கி நீருக்குள் மெல்ல நகர்த்துவாள். எவ்வளவு தூரத்தில் காவக்காரன் நிமிர்கிறது, எங்கே பாய்கிறது, ஐந்து நிமிடத்தில் கண்ணாடியை எத்தனை முறை முட்டுகிறது. எண்களைச் சொல்லச் சொல்லப் படகோட்டி எழுதிக்கொள்வார். தலை நரைத்த, பேச்சு குறைந்த மனிதர்.

அன்று அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "டாக்டரம்மா, போன வருஷம் இந்நேரம் ஒரு முழத்துல பாஞ்சான். இப்ப ரெண்டு ஆள் தூரத்துல பாயுறான்."

"ஆமாண்ணே. ஏதோ தப்பா அளக்கறோம்."

"தப்பா அளக்கல. வாயைப் பாருங்க."

பாட்டில் கண்ணாடியில் சிவப்பாக ஒரு நூல் கரைந்துகொண்டிருந்தது. முட்டி முட்டி மீனின் மேலுதடு கிழிந்திருந்தது. அப்படியும் நிறுத்தவில்லை. டக். டக். டக். பாட்டிலை அவள் தூக்கியபின் அது கூட்டுக்குத் திரும்பி, உள்ளே விழுந்திருந்த ஒரு சிப்பி ஓட்டைப் பார்த்தது. வாயால் தள்ளியது. நின்று பார்த்தது. மறுபடி தள்ளியது. பொறுமையாக, கோபமே இல்லாமல், பள்ளத்தின் விளிம்பு தாண்டி வெளியே கொண்டுபோய் விட்டது.

மணலில் சிப்பி போன தடம், ஒற்றைக் கோடாக.

அவளுக்கு முதுகில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. தண்ணீர் தெறித்திருக்கும் என்று கையால் துடைத்தாள். முதுகு காய்ந்திருந்தது.

தெருவிலும் அந்த வாரம் சண்டை. எதிர்வீட்டு வாத்தியாரும் பக்கத்து வீட்டு பேக்கரிக்காரரும் வண்டி நிறுத்தும் இடத்துக்காக நெஞ்சோடு நெஞ்சு முட்டிக்கொண்டார்கள். பத்து வருடமாகச் சேர்ந்து சீட்டாடுகிறவர்கள். இருவர் வீட்டிலும் கைக்குழந்தை உண்டு. அந்தத் தெருவே அப்படித்தான். போன வருடம் எந்த வீட்டைப் பார்த்தாலும் ஒரு வயிறு தள்ளி நின்றது. சண்டை முடிந்தபின் வாத்தியார் தன் வீட்டைச் சுற்றித் தெருவில் கற்களை வரிசையாக அடுக்கினார். எல்லாரும் சிரித்தார்கள்.

வாத்தியார் மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே தன் வீட்டு வேலிக்கு மேலாகச் சொன்னாள்: "கல்லு அடுக்கினா அடுக்கிட்டுப் போறாரு. நேத்து என் பீரோவை இழுத்துட்டு வந்து வாசல்ல வெச்சுட்டாரு. ஏன்னு கேட்டா, எந்த பீரோங்கறாரு."

அவள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை.

"உங்களைத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் வாத்தியார் மனைவி, குரலைத் தாழ்த்தி. "ராத்திரி இவரு தூங்கறதே இல்ல. குழந்தை பக்கத்துல உக்காந்துக்கிட்டு கையால விசிறிக்கிட்டே இருக்காரு. குளிர்லயும். உங்க வீட்டுல எப்படி?"

"எங்க வீட்டுல அப்படியெல்லாம் இல்லக்கா" என்றாள் அவள்.

அது பொய். மூன்று நாளாக அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மேசையில் வரைபடத் தாள் விரித்தபடியே தூசி படிந்திருந்தது. குழந்தைக் கட்டிலின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, முகத்தை வாசல் பக்கம் வைத்து, வலது கையைப் பாப்பாவின் மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் அலை அலையாக அசைத்துக்கொண்டே இருந்தான். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். நிமிடத்துக்கு எண்பது. அவள் எண்ணினாள், எண்ணாமல் இருக்க முடியவில்லை, ஏழு வருடப் பழக்கம். முட்டைகளுக்கு மேலே காவக்காரன் துடுப்பை அசைப்பதும் ஏறக்குறைய அதே கணக்கு.

"கை வலிக்கலயா?"

"என்ன?"

"கைங்க. ஆட்டிட்டே இருக்கீங்களே."

அவன் தன் கையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அசைந்தது. "பாப்பாவுக்கு வேர்க்கும்ல" என்றான். ஜன்னல் கண்ணாடியில் பனி மூட்டம் போட்டிருந்தது.

அன்றிரவு அவள் தலையணை கூடத்தில் இருந்தது. மறுநாள் அவள் சீப்பு, டம்ளர், பல்துலக்கும் பிரஷ். ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு ஓர் அடி என்று வாசலை நோக்கி நடந்தது. அவள் எடுத்து இருந்த இடத்தில் வைப்பாள். காலையில் அவை முன்னிலும் ஓர் அடி கூடத் தள்ளி இருக்கும். வெள்ளிக்கிழமை, பாப்பாவுக்கென்று அவள் பீய்ச்சிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போன பால் பாட்டில்கள் மூன்றும் மூடி திறக்காமல் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றன. வெயிலில் பால் திரிந்து மேலே மஞ்சள் கட்டியிருந்தது.

"அப்ப அவ என்னத்தைக் குடிச்சா?" பாப்பாவை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள். "காலையிலேருந்து என்னத்தைக் குடுத்தீங்க?"

அவள் மார்பிலிருந்து பாப்பா ஆவேசமாகக் குடிக்கும்போது எதிரே நின்று பார்த்தான். கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, வாயைத் திறந்து மூடிக்கொண்டு. அவனிடம் ஒரு புது வாடை. வியர்வை இல்லை. தண்ணீர் வற்றிய கரையில் வெயில் ஏறும்போது எழும் வாடை.

அக்காவுக்கு போன் செய்தாள்.

"அடிக்கிறாரா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லக்கா."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"குழந்தையைக் கீழ விடாம பாத்துக்கறாரு, அதான் உன் குறையா? உங்க மாமா ஒரு தடவை தொடச்சு விட்டிருப்பாரா இதுங்களை? கொடுத்து வெச்சவடி நீ."

போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தாள். உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் செய்தாள், வெட்கப்பட்டுக்கொண்டே. தன் குறிப்பேட்டில் ஒரு புதிய பக்கம் எடுத்து, வேலை முடிந்து வரும்போது எந்த இடத்தில் அவன் தலை நிமிர்கிறது என்று அடி எண்ணி எழுதினாள். திங்கள்: அறை வாசல். புதன்: கூடம். வெள்ளி: வாசற்படி. அடுத்த செவ்வாய்: கேட். வியாழனன்று அவள் தெரு முனையில் திரும்பியபோதே, நாற்பது அடிக்கு அப்பால், முன்னறை ஜன்னலில் ஒரு தலை விருட்டென்று எழுந்தது.

அன்று காலை அவன் சவரம் செய்யும்போது கன்னத்தில் கீறிக்கொண்டு ஒற்றிப் போட்ட பஞ்சு அவள் பையில் இருந்தது. ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. காய்ந்த ரத்தத்தில் சுரப்பின் அளவு சரியாக வராது என்பதும் தெரியும். மறுநாள் லேபில் மீன் ரத்தம் எடுத்த குப்பிகளோடு சேர்த்து அதையும் அளக்கும் கருவியில் ஓட்டினாள். கணினியில் கோடுகள் ஏறின. மீன்களின் கோடுகள் எல்லாம் ஓர் உயரத்தில் நின்றன. ஒன்று மட்டும் திரையின் மேல்விளிம்பைத் தொட்டு, அதற்கு மேல் போக இடமில்லாமல் தட்டையாக ஓடியது.

பின்னாலிருந்து ஒரு கை அவள் நாற்காலியைப் பிடித்தது. நிலையத்தின் தலைமை மேடம். ஓய்வு பெற ஒரு வருடம் இருப்பவர், யாரையும் ஒரு தடவைக்கு மேல் கேள்வி கேட்காதவர்.

"எந்தக் கூடும்மா இது?"

"பதினேழு, மேடம்."

"நம்மகிட்ட பதினாறு கூடுதானே இருக்கு?"

பதினேழு அவள் வீட்டுக் கதவு எண்.

மேடம் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு தன் மேலங்கிப் பையிலிருந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு துண்டு நகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். சதையோடு பிய்ந்த நகம். அடியில் ரத்தம் கறுத்திருந்தது. "என் பையனோடது" என்றார். "கதவைச் சாத்தும்போது மாட்டிக்கிச்சு. நானும் மருமகளும் வெளிய நின்னோம். பேரன் உள்ள. ரெண்டு நாளாச்சு."

"போலீசுக்கு…"

"பண்ணினேன். எடுத்தாங்க. யாரும் பேசல. மூச்சு வாங்கற சத்தம் மட்டும் கேட்டுச்சு." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பருவம்தாம்மா. பகல் நீளம் உச்சிக்குப் போயிட்டு குறைய ஆரம்பிச்சா எல்லாம் அடங்கிடும். மீனு அடங்குதில்ல? கொஞ்ச நாள் பொறுத்துக்கலாம்."

அவர் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். பொறுத்துக்கலாம். எட்டு நாள், ஏழு நாள் என்று எண்ணினாள். இரவில் கூடத்தில் படுத்தாள். பிறகு வாசற்படியில். ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடப் பார்த்தாள். அவன் முகத்தில் துளிக் கோபமும் இல்லை. குனிந்து, நெற்றியால் அவள் தோளில் முட்டினான். மறுபடி முட்டினான். அவள் கையிலிருந்து பாப்பாவை மிக மென்மையாக வாங்கிக்கொண்டு, அவளை முட்டி முட்டி தெருவில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனான். அதிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை, பால் கொடுக்க மட்டும், ஜன்னல் கம்பிக்கு வெளியே நிற்க விட்டான். கம்பிக்கு இடையே மார்பை வைத்துப் பால் கொடுத்தாள். அவன் பின்னால் நின்று விசிறினான்.

எண்ணிக்கொண்டிருந்த நாளும் வந்தது. வருடத்திலேயே நீளமான பகல்.

காலையில் ஏரி அசையாமல், தகரம்போலக் கிடந்தது. படகோட்டி வரவில்லை. அவளே துடுப்புப் போட்டுக்கொண்டு போய், அடியில் கண்ணாடி பதித்த பார்வைப் பெட்டியை நீர்மேல் வைத்துக் குனிந்தாள்.

முதல் கூட்டில் காவக்காரன் விசிறிக்கொண்டிருக்கவில்லை. தலையைக் கீழே சாய்த்து மணலை மேய்ந்துகொண்டிருந்தது. ஏதோ பாசியைச் சுத்தம் செய்கிறது என்று நினைத்தாள். அது நிமிர்ந்தபோது அதன் வாயில் முட்டைகள் இருந்தன. மென்றது. கண் அவளைப் பார்த்தபடி. மறுபடி குனிந்தது.

இரண்டாவது கூடு. அதேதான்.

மூன்றாவது. எட்டாவது. பதினாறாவது. எல்லாக் கூட்டிலும், ஒரே நேரத்தில், ஒரே அவசரமின்மையோடு. மணலில் வெறும் பள்ளங்கள். நல்ல வெயில். தெளிந்த தண்ணீர். ஒன்றுவிடாமல் தெரிந்தது.

துடுப்பு கையிலிருந்து நழுவி நீரில் விழுந்தது. அதைத் தேட அவள் நிற்கவில்லை. இரண்டு கைகளாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, கரை தட்டுமுன்பே இடுப்பளவு நீரில் குதித்து ஓடினாள்.

பஸ் இல்லை. சாலையில் ஒரு வண்டியும் இல்லை. கடைகள் திறந்தபடி கிடந்தன, உள்ளே ஆள் இல்லாமல். ஈரத்துணி காலில் சுற்ற, ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தும் ஓடியும் அவள் தெரு முனைக்கு வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் பெண்கள் நின்றிருந்தார்கள். தெருவில் உள்ள அத்தனை பெண்களும். இருபது பேர் இருக்கும். வாத்தியார் மனைவியின் நெற்றி புடைத்து நீலமாக இருந்தது. பேக்கரிக்காரர் மனைவியின் ரவிக்கை முன்பக்கம் முழுக்கப் பால் நனைந்திருந்தது.

"உள்ள போகாதீங்க" என்றாள் வாத்தியார் மனைவி. "நாங்க பாத்துட்டோம். விட மாட்டாங்க."

தெருவின் இருபுறமும், ஒவ்வொரு கேட்டின் முன்னும், ஓர் ஆண் நின்றான். ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் ஒரே இடைவெளி, அளவு நாடா வைத்து நிறுத்தியதுபோல. எல்லார் முகமும் வெளிப்பக்கம். எல்லார் வாயும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து, வீடுகளுக்குள்ளிருந்து, குழந்தைகளின் அழுகை. ஒரு குழந்தையின் அழுகை மட்டும் இல்லை. தெரு முழுக்க. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, எது யாருடையது என்று பிரிக்க முடியாத அழுகை. ஆனால் அவள் பிரித்தாள். ஒவ்வொருத்தியும் பிரித்திருப்பாள். அவள் மார்பிலும் பால் இறங்கியது.

"இன்னைக்கு ஏரியில…" என்று ஆரம்பித்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மீன் டாக்டர். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பாதியில் விட்டுவிட்டு நடந்தாள்.

முதல் கேட். ஒரு தலை அவள் பக்கம் திரும்பியது. தெருவின் சரி நடுவில், இரண்டு பக்கத்து எல்லையும் முடியும் கோட்டில், ஒரு சாண் அகலத்தில் அவள் நடந்தாள். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. முதல் வீட்டுக்காரர் இரண்டடி பாய்ந்து, அந்தக் கோட்டில் நின்று, வாயைத் திறந்தார். அவர் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. அவர் தாண்டவில்லை.

ஏழாவது கேட். பத்தாவது.

பதினேழு.

அவன் நின்றிருந்தான். உதடு கிழிந்திருந்தது. சட்டை முழுக்க மண்.

"என்னைத் தெரியுதா?" என்றாள்.

அவன் கண்ணில் ஏதோ அசைந்தது. ஒரு நொடி. தன் காலை மிதித்தவனிடம் மன்னிப்புக் கேட்கும் அந்தப் பழைய முகம் தண்ணீருக்கடியிலிருந்து மேலே வரப் பார்ப்பதுபோல. "நீ…" என்றான். "நீ போயிட்டு…"

அவள் ஓர் அடி வைத்தாள்.

அவன் நெற்றி அவள் முகத்தில் மோதியது. தரையில் விழுந்தாள். வாயில் உப்பு. வானம் இன்னும் வெளிச்சமாக, முடிவே இல்லாததுபோல, வெள்ளையாக விரிந்து கிடந்தது. பார்த்துக்கொண்டே கிடந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெள்ளை மெல்ல மஞ்சளாயிற்று. மஞ்சள் சாம்பலாயிற்று.

சூரியன் இறங்கியது.

தெரு முழுக்க ஒரே சத்தம். செருப்பில்லாத கால்கள் ஒன்றாகத் திரும்பும் சத்தம். அவள் தலையைத் தூக்கினாள். ஆண்கள் எல்லாரும் தெருவுக்கு முதுகு காட்டி, வீட்டை நோக்கி நின்றார்கள். இத்தனை நாளில் முதல்முறையாக உள்பக்கம் பார்த்து. பிறகு நடந்தார்கள். யாருக்கும் அவசரமில்லை.

கதவுகள் சாத்தின. தாழ்ப்பாள்கள்.

அவள் எழுந்தாள். விழுந்தாள். எழுந்து கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பின்னால் தெரு நெடுக மற்ற பெண்களின் காலடிகள், மற்ற கதவுகளில் மற்ற கைகள். அறைந்தாள். உதைத்தாள். கதவு அசையவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளே திரை இழுத்து மூடியிருந்தது. வளைகழுத்து விளக்கு எரிந்தது. திரையில் அவன் நிழல், கட்டிலின் பக்கத்தில் நின்று.

கை அசையவில்லை.

தெருவின் அந்தக் கோடியில் ஓர் அழுகை நின்றது.

அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

அடுத்த வீட்டில். நின்றது. ஒரு பெண் அலறினாள். எதிர்வரிசையில் ஒன்று. நின்றது. இன்னொன்று. நின்றது. இடையில் கிடந்த ஒவ்வொரு வீடாக, விளக்கணைத்துக்கொண்டே வருவதுபோல, அந்த மௌனம் இந்தப் பக்கமாக வந்தது. எதிரே வாத்தியார் வீடு. பேக்கரிக்காரர் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம்தான். நன்றாகக் கேட்டது, நின்றதும் நன்றாகக் கேட்டது.

இப்போது தெரு முழுவதிலும் ஒரே ஓர் அழுகை. பாப்பா. தொண்டை கிழிய, மூச்சு திணறத் திணற.

இத்தனை மாதமாக எத்தனை இரவு அந்த அழுகை நிற்காதா என்று ஏங்கியிருக்கிறாள். ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். "அழு" என்றாள். "அழுடா கண்ணு. நிறுத்தாத. அம்மா இங்கதான் இருக்கேன். அழு."

பாப்பா அழுதாள்.

திரையில் நிழல் குனிந்தது. தலையைச் சாய்த்து, மெல்ல, இன்னும் கீழே.

"அழு. அழு. அழு."

பெரிதாக ஒரு வீறல். பிறகு, அடுத்த வீறலுக்காகக் குழந்தைகள் மூச்சை உள்ளே இழுப்பார்களே, அந்த இடைவெளி.

அவள் காத்திருந்தாள்.